முன்பல்

மாலை ஐந்தரை மணி. மலைச்சாலையில் வேறு வண்டி இல்லை. முன்னால் ஒரு வளைவு, அதைத் தாண்டினால் இன்னொரு வளைவு... அவ்வளவுதான். காருக்குள் மூன்று பேர்.

என் தோழி இப்படித்தான் ஆரம்பித்தாள். அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை அவளுடையது. நடந்தது அவள் கொழுந்தனுக்கு. லீவு கேட்பதற்குக்கூட அவளுக்குப் பொய் வராது, ஆகவே கேட்டதை அப்படியே சொல்கிறேன். கரண்ட் வரும்வரை நேரம் போகட்டும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த மெழுகுவர்த்தியை நடுவில் வையுங்கள்.

"ரொம்ப பயமா இருக்குமா அக்கா?"

"பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்கோ. கத்தி மட்டும் தொலைக்காதே, கீழ் வீட்டுக்காரங்க ஏற்கனவே நம்மமேல கடுப்புல இருக்காங்க."

சரி. அந்தக் கொழுந்தன் பல் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதைப் பார்த்து பல் செட்டும், உடைந்த பல்மேல் தொப்பி மாதிரி மாட்டுகிற கேப்பும் செய்து கொடுப்பவர் இவர். ஒரு கிளினிக்கின் பின்னறையில் சின்ன லேப். எந்நேரமும் தேய்க்கிற மெஷினின் கிர்ர்ர்... எரிந்த பிளாஸ்டிக் வாடை. சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டு முழுக்க வாய்கள். முகம் இல்லாத வெள்ளை வாய்கள். பஸ்ஸில் யாராவது சிரித்தால் போதும், "அந்த ரெண்டாவது பல்லு நம்ம வேலை" என்பாராம். முகம் மறந்துவிடும், பல் மறக்காது. அவருக்கு வீட்டில் 'பல்லுக்காரர்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவர் மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவள். சிறுவயதிலேயே முன்பல் ஒன்று குறுக்காக உடைந்துவிட்டது. சிரிப்பு வந்தால் கை தானாகப் போய் வாயை மூடிக்கொள்ளும். கேப் போட்டுக்கொள்ள ஒருநாள் அந்தக் கிளினிக்குக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அவளுடைய அச்சைப் பார்த்தே, நம் ஆளுக்கு மனசு போய்விட்டது. நிறம் சரியில்லை, மறுபடி வாங்க என்பார். உயரம் சரியில்லை, மறுபடி வாங்க என்பார். கடைசியில் அவளே கேட்டாளாம்.

"கேப் போடுறதுக்குத்தான் கூப்பிடுறீங்களா, இல்ல வேற ஏதாவது அளவு பார்க்குறீங்களா?"

அப்புறம் என்ன, கல்யாணம்தான். கேப்பின் உள்பக்கத்தில், ஒட்டிய பிறகு யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், ஊசியால் சின்னதாக ஒரு வட்டம் கீறியிருந்தார். வேறு எந்த வேலையிலும் அவர் அப்படிச் செய்ததில்லை. அந்தக் கேப் உட்காருவதற்காக, மிச்சமிருந்த பாதிப் பல்லையும் டாக்டர் சுற்றிலும் தேய்த்துவிட்டார். உள்ளே அரிசி அளவுக்கு ஒரு முளை. அதன்மேல் இவர் செய்த பல். பளிச்சென்று இருக்கும். ஆனாலும் சிரிக்கும்போது அவள் கை வாய்க்குப் போவது நிற்கவில்லை.

"இவ்வளவு அழகா செஞ்சு கொடுத்தும் மூடுறியே!"

"பழக்கம்ங்க. கை கேட்க மாட்டேங்குது."

அவருக்கு அதுவும் பிடித்திருந்தது.

பிடிக்காத ஒருவர் இருந்தார். அவளுடைய அண்ணன். லாரி மெக்கானிக். பெற்றோர் போன பிறகு தங்கையை வளர்த்தவர். கோபம் கல்யாணத்தின்மேல் இல்லை, கேப்பின்மேல். தங்கையின் உடைந்த பல்லில் கை வைக்க அவர் எந்த டாக்டரையும் விட்டதில்லை. காரணம் கேட்டால் எழுந்து போய்விடுவார். அவளோ ஒரு நாள் சொல்லாமலே போய்ப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பார்த்ததும் அவர் முகம் செத்துப் போனது. "யாரைக் கேட்டு அதை மூடின?" என்றார். அதற்கப்புறம் கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். தங்கை கணவனை ஒரு தடவைகூட 'மாப்பிள்ளை' என்று கூப்பிடவில்லை. 'பல்லுக்காரரே' என்றுதான். வீட்டார் அதையே செல்லமாகச் சொல்வார்கள். இவர் சொன்னால் காறித் துப்புவது போல இருக்கும்.

அவளுக்கு இரண்டு பேரும் வேண்டும். அதற்காகத்தான் அந்த ஏரி. மலைமேல் சின்ன ஏரி. சின்ன வயதில் அண்ணனோடு போய்வந்த இடம். ஏற்றம் அதிகமில்லை, கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு போகிறவர்கள்கூட உண்டு. ஒரு ராத்திரி டென்ட் போட்டுத் தங்கி, அண்ணனையும் கணவனையும் ஒரே அடுப்பில் டீ போட வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

அண்ணன் முடியவே முடியாது என்றார். நாங்கள் இருவரும் போகிறோம் என்று அவள் சொன்னதும் பாத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நான் இல்லாம அங்க நீங்க போகக் கூடாது."

அந்த மாலை, சாலை முடிந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு நடந்தார்கள். மெத்தென்று காய்ந்த ஊசியிலை படிந்த பாதை. இருபுறமும் உயர்ந்த மரங்கள். அண்ணன் பின்னால்.

"பல்லுக்காரரே, இந்த ஏத்தத்துக்கே மூச்சு வாங்குதா? எங்க வீட்டுப் பொண்ணைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இன்ஜினைத் திறந்து பார்த்திருக்கணும்."

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு மச்சான். லோடுதான் அதிகம். உங்க தங்கச்சி ரெண்டு தலையணை எடுத்துட்டு வந்திருக்கா."

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிறதுன்னா டென்ட் போட்டுட்டு அடிச்சுக்குங்க" என்றாள் அவள். சிரித்தாள். கை வாய்க்குப் போனது. கொஞ்ச தூரம் போனதும் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"என்னங்க... கேப் லேசா ஆடுற மாதிரி இருக்கு."

"ரஸ்க்கைக் கடிச்சிருப்ப. நாக்கால தள்ளிட்டே இருக்காதே. ஊருக்குப் போனதும் ஒட்டிடலாம்."

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவர் அதை மறந்துவிட்டார். நீங்கள் மறந்துவிடாதீர்கள்.

ஏரி கறுப்பாக இருந்தது. காற்றே இல்லை. தவளை இல்லை, பூச்சிச் சத்தம் இல்லை. பழைய இரும்பை நனைத்தால் ஒரு வாடை வருமே... அது. கரையிலிருந்து தண்ணீருக்குள் நீண்ட ஒரு தட்டையான பாறை. இரண்டு டென்ட் அடித்தார்கள். பல்லுக்காரர் முளைகளைச் சுத்தியலால் அறைந்தார். ஒவ்வொரு அடிக்கும் எதிர்க்கரையிலிருந்து ஒரு 'டொக்' திரும்பி வந்தது. கடைசி முளையை அடித்து நிறுத்திய பிறகும் ஒன்று வந்தது... டொக்.

நெருப்பு மூட்டி, ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். அவள் அந்தப் பாறையைக் காட்டினாள்.

"இங்கதாங்க என் பல்லு போச்சு. வழுக்கி விழுந்தேன், பாறையில வாய் இடிச்சுது, அப்படியே உள்ள போயிட்டேன். அண்ணன்தான் குதிச்சான். நான் ரொம்ப நேரம் உள்ள இருந்தேனாம். ஆனா எனக்கு ஒண்ணும் ஆகல. இல்லண்ணா?"

அண்ணன் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பல்லை அப்படியே விட்டிருக்கலாம்" என்றார்.

"திரும்ப ஆரம்பிச்சிட்டான்!" என்று டீ டம்ளர்களை அள்ளிக்கொண்டு எழுந்தாள் அவள். டார்ச்சும் கையுமாகக் கழுவப் போனாள். கூப்பிடு தூரம்தான். டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிபடுகிற சத்தம் கேட்டது. பிறகு "ச்சே... விழுந்துடுச்சே" என்று அவள் குரல். பிறகு கையை விட்டு எதையோ தேடுவது போல சலக்... சலக்...

பிறகு ஒன்றும் இல்லை.

டார்ச் வெளிச்சம் அணைந்தது. அண்ணன்தான் முதலில் எழுந்தார். "அம்மாடி?" என்றார். அந்த ஒரு நொடி இருவரும் அப்படியே நின்றார்கள். அப்புறம் தண்ணீர் வெடித்தது.

பல்லுக்காரர் ஓடினார். கையில் முளையடித்த சுத்தியல் இருந்தது. எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. இன்னொரு கையில் டார்ச். பாறைக்குப் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில், இரண்டு பெண்கள் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். ஒருத்தி மற்றவளின் கூந்தலைக் கையில் சுற்றி உள்ளே அழுத்துகிறாள். மற்றவள் அவள் கன்னத்தைப் பிறாண்டுகிறாள். கத்தல் இல்லை, அழுகை இல்லை. மூச்சும் தண்ணீரும் மட்டும். ஒருத்தி தோளை இன்னொருத்தி கடித்துப் பிய்த்தாள். துணி கிழிந்தது. துணியோடு சதையும்...

வெளிச்சம் பட்டதும் இரண்டு பேரும் திரும்பினார்கள்.

அதே முகம். அதே நீலச் சட்டை, அதே மெல்லிய சங்கிலி, இடது புருவத்தில் அதே மச்சம். இரண்டு பேரும் அவரைப் பார்த்தே "என்னங்க" என்றார்கள். ஒரே நேரத்தில். ஒரே குரலில்.

அந்த நேரத்தில் அவர் எதைப் பார்த்தார் தெரியுமா? முகம் மறந்துவிடுகிற மனிதர் அவர். வாயைப் பார்த்தார்.

ஒருத்திக்கு வரிசையாகப் பல். முன்பல் பளிச்சென்று இருக்கிறது. இவர் செய்த பல். அந்த நிறத்தை அவர் உலகத்தில் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவார். இன்னொருத்திக்கு முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை. வாயெல்லாம் ரத்தம். ரத்தத்துக்கு நடுவே சின்னதாக ஒரு முளை.

என் மனைவிக்கு நான் போட்ட கேப் இருக்கிறது. கேப் இருப்பவள்தான் என் மனைவி. அவ்வளவுதான் அவருக்குத் தோன்றியது. டார்ச்சைக் கரையில் போட்டுவிட்டுக் குதித்தார்.

ஓட்டைப் பல்காரி பாய்ந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டாள். கழுத்தை வளைத்து, விடவே இல்லை. அவர் அவள் தொண்டையைப் பிடித்துத் தள்ளினார். இறுக்கினார். மூச்சு முட்டியதும் அவள் அவர் முன்கையைக் கடித்தாள். எலும்பு வரை இறங்கிய கடி. அவர் சுத்தியலை ஓங்கினார்.

பின்னாலிருந்து அண்ணன் அவர்மேல் விழுந்தார்.

"விடுடா! அதுதான்டா என் தங்கச்சி!"

இருவரும் தண்ணீரில் புரண்டார்கள். மெக்கானிக்கின் கை, ஸ்பேனர் பிடித்துக் காய்த்த கை. பல்லுக்காரரின் முகத்தில் இரண்டு குத்து. மூக்கெலும்பு நொறுங்குவது அவருக்கே காதில் கேட்டது.

"அன்னைக்கும் ரெண்டு பேர் இருந்தாங்கடா! உள்ள... பாறைக்கு அடியில... ரெண்டும் அவ முகம்தான்! பாறையில பல்லு உடைஞ்சதை நான் கண்ணால பார்த்தேன். உடைஞ்ச பல்லு யாருக்கு இருந்துச்சோ அவளைத்தான் தூக்கிட்டு வந்தேன்!"

பல்லுக்காரருக்குக் காதில் தண்ணீர். காதில் ரத்தம். கேட்டது, ஆனால் ஏறவில்லை. அந்த அண்ணனின் முகத்தில் இத்தனை நாள் பார்த்த வெறுப்புதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. இவன் என் மனைவியைக் கொல்லப் பார்க்கிறான். சுத்தியலைச் சுழற்றினார். தாடையில் விழுந்தது. மரம் பிளக்கிற சத்தம். அண்ணன் பாறையில் சரிந்தார். அப்போதும் கையை நீட்டி அவர் காலைப் பிடித்துக்கொண்டார். தொங்குகிற தாடையோடு, ரத்தக் கூழோடு, சொன்னார்.

"மாப்பிள்ளை... கும்பிடுறேன்... மாப்பிள்ளை... அவளை அடிக்காதே..."

முதல் தடவையாக மாப்பிள்ளை.

பல்லுக்காரர் காலை உதறிக்கொண்டார். ஓட்டைப் பல்காரி ஓடவில்லை. தொண்டையைப் பிடித்தபடி இருமிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அங்கேயே நின்றாள். கரையில் கிடந்த டார்ச்சின் வெளிச்சம் அவள் முகத்தில். அவர் நெருங்கினார். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர் அந்த வாயைப் பார்த்த பார்வையைக் கண்டதும்...

கையைத் தூக்கினாள். தலைக்கு அணையாக இல்லை. தடுப்பதற்கு இல்லை. வாயை மூடிக்கொண்டாள்.

அவர் அடித்தார். ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை. பிறகு எத்தனை என்று அவருக்குத் தெரியாது. விரல்களின்மேல் விழுந்தது, நெற்றியில் விழுந்தது. கை தூக்க முடியாமல் போனபோது நிறுத்தினார். தண்ணீர் மூடிக்கொண்டது. ஒரு குமிழி வந்தது. அப்புறம் ஏரி மறுபடி கண்ணாடி மாதிரி.

முதுகில் குளிர்ந்த இரண்டு கைகள் வந்து கட்டிக்கொண்டன. காதுக்குப் பக்கத்தில் அவள் குரல்.

"போலாம்ங்க... வீட்டுக்குப் போலாம்."

"அக்கா... போதும். மிச்சத்தை நாளைக்கு சொல்லுங்க."

"கொஞ்சம்தான் இருக்கு. மெழுகுவர்த்தியை ஊதாதே."

இருட்டில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொல்லி அண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு தாடையையும் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். பேச முடியாது. கட்டுப் பிரித்தபோது அவர் முதலில் சொன்னது, "அது என் தங்கச்சி இல்ல" என்பதுதான். தலையில் பட்ட அடி என்று டாக்டரும் சொன்னார், சொந்தக்காரர்களும் சொன்னார்கள். ஏரியில் ஆள் விட்டுத் தேடவும் வைத்தார் அவர். ஒன்றும் கிடைக்கவில்லை. லாரி ஷெட் வேலையை விட்டுவிட்டு மலை அடிவாரத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டார். போன பற்களுக்குப் பதிலாகப் பல்லுக்காரர் ஒரு செட் செய்து அனுப்பினார். அப்படியே திரும்பி வந்தது.

வீட்டில் எல்லாம் நன்றாகப் போனது. என் தோழியே சொன்னாள், அவள் ஓரகத்தி அந்த விபத்துக்குப் பிறகு இன்னும் கலகலப்பாகிவிட்டாள் என்று. சமையலறையில் பாடுகிறாள். கூட்டத்தில் உட்கார்ந்து பேசுகிறாள். வாய் விட்டுச் சிரிக்கிறாள். வாயைக் கையால் மூடுகிற அந்தப் பழக்கம் சுத்தமாகப் போய்விட்டது. "இப்பத்தான் பொண்ணுக்குத் தைரியம் வந்திருக்கு" என்று மாமியார் பூரித்துப் போனார்.

பல்லுக்காரர்தான் இளைத்துக்கொண்டே வந்தார். முன்கையில் அந்தக் கடித் தழும்பு. ராத்திரியில் அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வரிசையாகப் பள்ளங்கள், முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் சதை அப்படியே இருக்கும். என்ன யோசிக்கிறீங்க என்று அவள் கேட்டால் ஒன்றுமில்லை என்பார். வாயை மூடிய அந்தக் கை... அதை அப்போது அவர் யாரிடமும் சொல்லவில்லை, ரொம்ப நாள் கழித்து அண்ணியான என் தோழியிடம் மட்டும்தான் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல வெயில். சமையலறை மேசையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஆப்பிளை அப்படியே கடித்தாள். 'டிக்' என்று ஒரு சத்தம். கேப் கழன்று தட்டில் விழுந்து உருண்டது.

அவர் எடுத்துப் பார்த்தார். உள்பக்கம் ஊசியால் கீறிய வட்டம். அவர் வேலைதான். அவர் மனைவிக்குச் செய்ததுதான். நிம்மதியாக மூச்சு விட்டார். "வாயைக் காட்டு, முளை உடைஞ்சிருக்கான்னு பார்க்கிறேன்" என்றார்.

அவள் வாயைத் திறந்தாள்.

முளை இல்லை. தேய்த்த தடம் இல்லை. கேப் இருந்த இடத்தில் ஒரு முழுப் பல் இருந்தது. ஒரு கீறல் இல்லாத, ஒருநாளும் எந்தப் பாறையிலும் இடிபடாத, முழு முன்பல். அந்தக் கேப்புக்குள் அது எப்படி அடங்கியது? அடங்காது. செய்தவர் அவர், அவருக்குத் தெரியாதா?

அவர் கையில் கேப் இருந்தது. முன்கையில் தழும்பு இருந்தது. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதே லேபுக்கு ஓடி, தட்டிலிருக்கும் அந்தப் பழைய அச்சை எடுத்துத் தழும்பின்மேல் வைத்துப் பார்த்திருக்கலாம். வைத்தால் பொருந்தும். பொருந்தினால், ஏரியில் அவர் யாரை அடித்தார் என்று அவருக்கே அவர் சொல்லிக்கொள்ள வேண்டிவரும்.

அவள் வாயை மூடவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, அந்த முழுப் பல் தெரிய, மெல்லச் சிரித்தாள்.

"டாக்டர்கிட்ட எல்லாம் வேண்டாம்ங்க" என்றாள். "நீங்களே ஒட்டிடுங்க."

அவர் எழுந்து போய்ப் பசையை எடுத்துக்கொண்டு வந்தார்.